கல்யாண வீட்டில் மரகதம் மூழ்கலாமா?

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

தருமபுரி மாவட்டம், இண்டூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மா. அமுதவல்லி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும், அப்பாவும், அம்மாவும், வரும் வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கும் என் அக்கா சசிகலாவும், இரண்டு எருமைகளும், எங்கள் வீட்டுக்குப் புளி தட்ட வரும் பெண்களும் நலம். தங்கள் நலத்தைப் பற்றி இந்த வீட்டில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் கட்சியில் இப்போதைக்கு நான் ஒருத்திதான் இருக்கிறேன். ஏன் என்று இக்கடிதத்தின் போக்கில் தங்களுக்கே விளங்கும்.

முன்பின் தெரியாதவர்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. தெரிந்தவர்களிடமே அதிகம் பேசுகிறவள் இல்லை. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் சொல்லும் 'உள்ளேன் ஐயா' முன் வரிசையைத் தாண்டாது. அதனால் முன்னால் உட்கார்ந்தபடியே பல நாள் வராதவளாக இருந்திருக்கிறேன். எப்படியோ கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதில் எல்லாருக்கும் பெருமைதான், ஆனால் ஒரே ஒரு சிக்கல். பட்டம் வாங்கிய பிறகும் நான் புத்தகம் படித்துக்கொண்டிருப்பது யாருக்கும் புரியவில்லை. எங்கள் ஊரில் படிப்பு என்பது பரீட்சைக்கு. பாஸான பிறகும் ஒருத்தி மூலையில் உட்கார்ந்து படிக்கிறாள் என்றால் அவள் எதிலோ பெயிலாகிவிட்டு மறைக்கிறாள் என்று பொருள். பக்கத்து வீட்டு முனியம்மாள் பெரியம்மா ஒருநாள் என் அருகில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "பாப்பா, அரியர் கிரியர் வெச்சிருக்கறயா? பெரியம்மாகிட்ட சொல்லு, உங்கம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறன்" என்றார். இல்லை பெரியம்மா, இது கதைப் புத்தகம் என்றேன். அவர் நம்பவில்லை. கதைப் புத்தகம் இவ்வளவு தடிமனாக இருக்காது என்றார்.

அந்தத் தடிமனான புத்தகம் தாங்கள் பதிப்பித்த நாவல்தான் ஐயா. நீல அட்டை, அதில் ஒரு பரிசல், பரிசலில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். தருமபுரி புத்தகத் திருவிழாவில் வாங்கினேன். வாங்கிய வாரத்திலேயே மாமரத்தடியில் உட்கார்ந்து ஒரு முறை முழுவதும் படித்து முடித்துவிட்டேன். பிறகு இரண்டாவது முறை, சாப்பிட்ட பின் வெற்றிலை போடுகிறவர்களைப் போல மெதுவாக ஆரம்பித்தேன். அந்த இரண்டாவது முறைதான் வினையாகிவிட்டது.

மாசியிலிருந்து எங்கள் பக்கம் புளிக் காலம். மண்டிக்காரர் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். பழத்தின் ஓட்டை உடைத்து, சிறு சுத்தியால் தட்டி, கொட்டையும் நாரும் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருவதற்குக் காரணம் எங்கள்மேல் உள்ள பாசம் அல்ல, எங்கள் டிவி. ஊரிலேயே பெரியது. தட்டுகிற சத்தத்தை மீறிக் கேட்கும்படி வைத்துவிட்டு, மதியச் சீரியல்களை ஒன்று விடாமல் பார்ப்பார்கள். ஒருநாள் கோடை இடி ஒன்று விழுந்தது. டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை, செட்டாப் பாக்ஸ் மட்டும் செத்துவிட்டது. கேபிள்காரர் தீர்த்தகிரி அண்ணன் வந்து, அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு மாத்திக் குடுத்தர்றன்" என்று போனார். அந்த நாளை இன்னும் வரவில்லை. ஆளுக்கொரு போன் இருக்கிறதே, அதில் பார்க்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். பிசுபிசுவென்று புளி ஒட்டிய கையால் போனைத் தொட்டால் அது நாம் சொல்வதைத் தவிர எல்லாம் செய்கிறது. ஒருவர் சீரியலைத் தேடப்போய் பிளாக் ஆபீசில் இருக்கும் யாருக்கோ வீடியோ கால் போய்விட்டது.

ஆகவே கூடம் இரண்டு நாள் சும்மா இருந்தது. மூன்றாம் நாள், நாவலின் நாயகன் செல்லப்பன் தன் மாமனாரை முதன்முதலாகச் சந்திக்கும் இடத்தைப் படித்துக்கொண்டிருந்த நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன்.

"என்னா பாப்பா, நீ மட்டும் சிரிச்சுக்கற? எங்களுக்கெல்லாம் சிரிப்பு வராதா?" என்றார் முனியம்மாள் பெரியம்மா.

"அத சத்தமாத்தான் படியேண்டி. கை வேலையோட காதுக்கும் ஒரு வேலை இருக்கட்டும்" என்றார் அம்மா.

அத்தனை பேர் முகத்தைப் பார்த்து எப்படிப் படிப்பது? கடைசியில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். சமையற்கட்டுக்குள் போய், கதவை ஒருக்களித்து, அதன் பின்னால் நின்று படிக்க ஆரம்பித்தேன். கூடத்தில் இருந்தவர்களுக்கு ரேடியோ கேட்பது போல இருந்ததாம். அப்படித்தான் முதல் அத்தியாயம் அரங்கேறியது. இதில் தாங்கள் வருத்தப்படக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. ஆற்றின் வர்ணனை மட்டும் பல பக்கங்கள் வருகிறதே, அது எனக்கு மிகவும் பிடித்த இடம். நான் குரலைத் தாழ்த்தி அனுபவித்துப் படித்தேன். ஒரு பக்கம்கூடப் போகவில்லை, "ஆறு இருக்குதுன்னு சொல்லிட்டுப் போ பாப்பா, நாங்க பாக்காத ஆறா?" என்று குரல் வந்தது. மற்றபடி அவர்கள் நல்ல வாசகர்கள். நாயகி மரகதத்தின் மாமியார் பேசும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு என்னை விடுவார்கள். அக்காவோ செல்லப்பன் பேசும் இடங்களை மட்டும், "தட்டற சத்தத்துல சரியா கேக்கல, இன்னொருக்கா" என்பாள். அந்த நேரத்தில் யாரும் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்பா இதிலெல்லாம் பட்டுக்கொள்ளாதவர். ஆனால் நான் படிக்கும் நேரம் பார்த்து சமையற்கட்டின் பின்பக்கம் எருமைக்குச் சோளத்தட்டு போட வருவார். எருமைகள் இரண்டும் இந்தப் பங்குனியில் நன்றாகப் பெருத்துவிட்டன.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைத் தங்களுக்குச் சொல்ல வேண்டும். மழை இல்லாத வருடம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். எடுத்த பாரதத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. திரௌபதி கல்யாணம் நடக்கும் அன்று வந்தவர்களுக்கெல்லாம் மஞ்சளும் வெற்றிலையும் உண்டு. எத்தனை சாவு வந்தாலும் கடைசியில் தர்மருக்குப் பட்டம் கட்டி, மங்களம் பாடித்தான் எழுந்திருக்க வேண்டும். சாவோடு எழுந்துபோனால் ஊருக்கும் ஆகாது, கேட்ட வீட்டுக்கும் ஆகாது. இவர்களுக்குக் கதை படித்துக் கேட்டுப் பழக்கம் அது ஒன்றுதான். அதனால் நான் கவனிக்காமலே தங்கள் நாவலும் பாரதக் கணக்கில் சேர்ந்துவிட்டது. மரகதத்துக்கும் செல்லப்பனுக்கும் கல்யாணம் நடக்கும் அத்தியாயத்தன்று முனியம்மாள் பெரியம்மா குளித்துவிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, அட்டையில் இருந்த பெண்ணின் முதுகில் சந்தனம் குங்குமம் வைத்தார். பொங்கல் பட்ட இடத்தில் நான்கு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முந்திரிகூட இருந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் முடிவு எனக்குத் தெரியும். வெள்ளத்தில் பரிசல் கவிழ்ந்து மரகதம் போய்விடுவாள் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். கடைசி அத்தியாயம் நெருங்க நெருங்க எனக்குத் தொண்டை கட்டியது, தலை வலித்தது, ஒருநாள் புத்தகமே காணாமல் போனது. அம்மா அதை அரிசி மூட்டைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "எலி இழுத்துட்டுப் போச்சா, இல்ல நீ இழுத்துட்டுப் போனியா?" என்றார். படித்தேன் ஐயா. பரிசல் கவிழ்ந்தது. செல்லப்பன் கரையில் நிற்கிறான். தண்ணீரில் அவள் தலையில் இருந்த பூ மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறது. முற்றும்.

கூடத்தில் ஒரு சுத்திகூட அசையவில்லை. பிறகு அம்மாவின் குரல், "அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

"அடுத்த பக்கத்தத் திருப்பு."

"அடுத்த பக்கத்துல மத்த புத்தகங்களோட விளம்பரம்தான் இருக்குது."

"பரிசல்காரன் அந்த வெள்ளத்துல எப்படி ஆள ஏத்துனான்?" என்றார் முனியம்மாள் பெரியம்மா. "ஒகேனக்கல்ல தண்ணி கொஞ்சம் ஏறுனாலே பரிசல கட்டி வெச்சிர்றாங்க. மீறி எறக்குனா போலீசு புடிக்கும். சட்டை மாதிரி ஒண்ணு மாட்டி வுடுவாங்களே, அது எங்க?"

இது ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை பெரியம்மா என்றேன். அப்படியானால் இத்தனை வருடத்தில் யாராவது அவளைத் தேடியிருப்பார்களே என்றார். ஏதோ விட்டுப் படித்துவிட்டேன் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். விட்டது உண்மைதான். தங்கள் பதிப்புரையை நான் படிக்கவில்லை. அதைக் கதையில் சேராதது என்று தாண்டிவந்திருந்தேன். ஒன்றும் விடவில்லை என்று நிரூபிக்க வேண்டுமே என்கிற பதற்றத்தில், அதையும் எடுத்துப் படித்தேன். அங்கேதான் ஐயா தாங்கள் மாட்டிக்கொண்டீர்கள். 'முதல் வரைவில் மரகதம் நீந்திக் கரைசேர்ந்துவிடுகிறாள். அது நாவலின் காவியத்தன்மைக்குக் குறைவு என்று கருதி, ஆசிரியரிடம் பலமுறை வாதாடினேன். இறுதியில் அவர் மனமிரங்கினார்' என்று தாங்களே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள்.

"அவளக் கொல்றதுக்கா மனசு எறங்குனாரு?" என்றார் முனியம்மாள் பெரியம்மா. "ஏம் பாப்பா, எழுதனவரே கரையேத்தி வுட்டுட்டாரு. நடுவுல இந்தாளுக்கு என்னா வந்துச்சு?"

"இவரு பதிப்பாசிரியரு பெரியம்மா. கதைய நல்லா வர்ற மாதிரி பாத்துக் குடுக்கறவரு."

"நல்லா பாத்தாரு."

அதற்குமேல் அவர்கள் தங்களைப் பற்றிப் பேசியதை எழுத என் படிப்பு இடம் கொடுக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் பென்னாகரத்தில் இருக்கும் மாப்பிள்ளை அருண்குமார் வழக்கம்போல அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா போனை எடுத்து, "மரகதம் போயிட்டாங்க, ஆத்தோட போயிட்டா" என்று ஒரே அழுகையாக அழுது, மேற்கொண்டு பேச முடியாமல் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். இவள் போனை அணைத்துவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மறுநாள் காலையில் நாங்கள் களிக்கு மாவு கொட்டிக் கிளறிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மாவும் இன்னும் இரண்டு பெரியவர்களும், தலையில் பூ இல்லாமல், கையில் ஒன்றும் கொண்டுவராமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள் ஐயா! கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்கு! மாப்பிள்ளையின் அம்மா எங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசுப் பொண்ணாமே சம்பந்தியம்மா, உங்களுக்கு என்னா முறை வேணும்?" என்று கேட்டபோது, அம்மா களித்துடுப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

விளக்கிச் சொல்லும் பொறுப்பு, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த என் தலையில் விழுந்தது. நான் சொன்னது வழக்கம்போல முன்வரிசையைத் தாண்டவில்லை. நல்லவேளையாக முனியம்மாள் பெரியம்மா வந்து முழுக் கதையையும் சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். ஆற்றையே விட்டுவிட்டார். கேட்டுமுடித்த மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதன்பிறகு சிரிப்பு போய்விட்டது. "கதையோ நெசமோ, கல்யாண வூட்டுக்கு எழவு கேக்க வந்து எறங்கிட்டமே. அதுவும் எடுத்த கதை சாவுல நிக்குது. இதுக்கு ஒரு நல்லது படிச்சு மங்களம் பாடற வரைக்கும் பந்தக்கால் நட வேணாங்க. எனக்கு மனசு ஒப்பல" என்றார். எங்கள் அம்மா உடனே ஆமாம் என்றார். இரண்டு சம்பந்திகளும் கருத்தொருமித்த முதல் விஷயம் இதுதான். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவள் கல்யாணம் என் கையில் இருந்த நீல அட்டைப் புத்தகத்தில் வந்து நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு வரும் தோசை மட்டும் கருகி வருகிறது.

ஆகவே ஐயா, எங்கள் வேண்டுகோள் இதுதான். அந்த முதல் வரைவு தங்கள் அலுவலகத்தில் ஏதாவது அலமாரியில் கிடக்கும். அதன் கடைசி அத்தியாயத்தை மட்டும் நகல் எடுத்து உடனே அனுப்பிவையுங்கள். அச்சுப்பிழை இருந்தாலும் பரவாயில்லை. வந்த அன்றே அதைப் படித்து, கற்பூரம் காட்டி, பந்தக்கால் நட்டுவிடுவோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று அப்பா, எருமையைப் பார்த்தபடியே என்னிடம், "அந்தப் புள்ளைக்கு நீச்சல் தெரியுமே. மூணாவது அத்தியாயத்துல ஆட்டுக்குட்டி ஆத்துல வுழுந்தப்ப நீந்திப் போய்ப் புடிச்சுட்டு வந்தாளே" என்றார். எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. முதல் வரைவில் அவள் பிழைப்பதற்காக வைத்த ஆட்டுக்குட்டி, தாங்கள் அவளை மூழ்கடித்த பிறகும் அங்கேயே நின்றுவிட்டது. தங்கள் கண்ணுக்குத் தப்பியது, தட்டு போட வந்த அப்பாவின் காதுக்குத் தப்பவில்லை. அடுத்த பதிப்பில் ஒன்று அவளைக் கரையேற்றுங்கள், இல்லாவிட்டால் அந்த ஆட்டுக்குட்டியையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எங்கள் திரௌபதி அம்மன் துணையிருக்கட்டும். அம்மா விசாரித்ததாகச் சொல்லவில்லை, ஆனால் மனதுக்குள் விசாரித்திருப்பார். முனியம்மாள் பெரியம்மா தங்களை நேரில் பார்க்க ஆவலாக இருப்பதாகத் தெரிவிக்கச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்காவின் கல்யாண அழைப்பிதழ் அச்சாகி வந்து கட்டுப் பிரிக்காமல் இருக்கிறது. பிரித்ததும் முதல் அழைப்பு தங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள வாசகி,
மா. அமுதவல்லி

பின்குறிப்பு: தயவுசெய்து முதல் வரைவை அனுப்பிவிடாதீர்கள். இண்டூர் தபாலாபீசுக்குப் போய் இதைச் சேர்க்க வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். அதற்குள் அம்மா பார்த்துவிட்டார். கூடத்தில் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன். களித்துடுப்பு இடத்தில் அம்மாவே சிரித்துவிட்டார். முனியம்மாள் பெரியம்மா, "கடுதாசியே இவ்வளவு எழுதற. அந்த ஒரு பக்கத்த நீயே சொல்லிட மாட்டியா? அவரு எப்ப அலமாரியத் தொறந்து, எப்ப அனுப்பறது?" என்றார். பத்துப் பேர் பலமுறை வாதாடினார்கள். நானும் மனமிரங்கினேன். இல்லாத பக்கத்தைப் படிக்கக் கையில் புத்தகம் எதற்கு? புத்தகம் இல்லாமல் கதவுக்குப் பின்னால் நிற்பது பைத்தியக்காரத்தனமாக இருந்ததால் வெளியே வந்து, கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா போனில், ஸ்பீக்கரில் இருந்தார். பரிசல் கவிழ்ந்தது. மரகதத்துக்கு ஆட்டுக்குட்டி ஞாபகம் வந்தது. நீந்தினாள். அவள் ஈரச் சேலையோடு எப்படி ஊருக்குள் போவாள் என்று பெரியம்மா கவலைப்பட்டார். கரையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் மாற்றுச்சேலை கொடுத்தார்கள் என்றேன். "அதுல நான் ஒருத்தின்னு வெச்சுக்க" என்றார். வைத்துக்கொண்டேன். மாமியாரை மட்டும் ஆற்றில் தள்ளச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. மங்களம் பாடியாகிவிட்டது, புதன்கிழமை பந்தக்கால். அக்கா இன்று எனக்கு முறுகலாக இரண்டு தோசை வைத்தாள். தீர்த்தகிரி அண்ணன் புது பாக்ஸ் கொண்டுவந்து மாட்டினார். "சத்தத்தக் கொறச்சு வெச்சுட்டு உக்காருங்க, பாப்பா கத சொல்லுது" என்றார்கள். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அழைப்பிதழ் இத்துடன் இருக்கிறது. அவசியம் வாருங்கள். வந்தால் தாங்கள் யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. இன்று மத்தியானம் மாமரத்தடிக்குப் போய், தங்கள் கடைசி அத்தியாயத்தைத் தனியாக இன்னொரு முறை படித்தேன். முதல் முறை அழுததைவிட அதிகமாக அழுதேன். அந்தப் பூ சுற்றிச் சுற்றி வருகிற இடத்தில் ஒரு சொல்லையும் மாற்ற முடியாது. அடுத்த பதிப்பிலும் அவளைக் கரையேற்றிவிடாதீர்கள். ஆட்டுக்குட்டியும் இருக்கட்டும், நீந்தத் தெரிந்தவள் போனாள் என்பதுதான் இன்னும் வலிக்கிறது. கடிதம் முழுவதையும் கூடத்தில் வாசித்துக் காட்டியாகிவிட்டது. இந்தக் கடைசிப் பத்தியைத் தங்களுக்கு மட்டும் மாமரத்தடியில் உட்கார்ந்து சேர்த்திருக்கிறேன்.